பாஸ்வேர்டில் குலதெய்வம்: பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

மஞ்சக்குப்பம் கடைக்காரர்:
கடலூரில் பிரௌசிங் கடை வைத்திருக்கிறேன். பி.எஃப்., பான் கார்டு, காலேஜ் விண்ணப்பம் என்று எதற்கு வந்தாலும், பாஸ்வேர்டு போடும் நேரத்தில் ஆளின் குணம் தெரிந்துவிடுகிறது. பெரியவர்களுக்குக் குலதெய்வத்தின் பெயர், கூடவே 123. பையன்களுக்கு வண்டி நம்பர். எண் கணிதம் பார்க்கும் ஒருவர் கூட்டுத்தொகை 5 வரும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கவலை வேறு. கூட்டம் நிற்கும்போதே "தம்பி, இதான் பாஸ்வேர்டு, போட்டுக்க" என்று சத்தமாகச் சொல்கிறார்கள். மறைத்தால் என்னை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் பென்ஷன் பணம் வரும் கணக்கு அது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

முத்தியால்பேட்டை தம்பி:
அண்ணா, இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 2009-ல் சமூக வலைத்தளங்களுக்குச் செயலிகள் செய்த ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. முதலிடம் 123456, 'ஐ லவ் யூ'வும் முன்வரிசையில் இருந்தது. பிரிட்டன் அரசின் சைபர் பாதுகாப்பு மையம் 2019-ல் வெளியிட்ட, கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலில், கால்பந்து அணிகளில் லிவர்பூல்தான் முதல். யாருக்கு எதன் மேல் பிரியமோ அதுதான் விரலில் வருகிறது. திருடர்களும் கசிந்த பட்டியல்களை வைத்துத்தான் முயல்கிறார்கள். வண்டி நம்பரில் டிஎன் 31 கடலூருக்கே பொது, மீதி வாசலில் நிற்கிற வண்டியிலேயே இருக்கிறது.

திருப்பாப்புலியூர் டீச்சர்:
குணம் என்பது உண்மைதான் தம்பி. என் வீட்டுக்காரர் ரொம்ப எச்சரிக்கையானவர், மாதாமாதம் மாற்றுவார். மாறுவது கடைசி எண் மட்டும். காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017-லேயே சொல்லிவிட்டது.

சாமி பெயர் தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். "சாமி பேரை ஊருக்கே தெரியும், அதனால வேற வைப்போம்" என்று சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல் போதும். முருங்கை, ரயில், துடைப்பம், வெல்லம் மாதிரி. குறளும் சினிமாப் பாட்டு வரியும் வேண்டாம், எல்லாருக்கும் மனப்பாடம். நோட்டில் எழுதி வீட்டு பீரோவில் வைக்கட்டும். எல்லாக் கணக்குக்கும் ஒன்றையே வைப்பதுதான் அதைவிட ஆபத்து.

மஞ்சக்குப்பம் கடைக்காரர்:
நல்ல யோசனை டீச்சர். கீபோர்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு நான் எழுந்து நிற்கிறேன். இங்கிலீஷ் எழுத்து அடிக்கத் தெரியாதவர்களுக்கு?

திருப்பாப்புலியூர் டீச்சர்:
வீட்டிலிருந்து பேரனையோ பேத்தியையோ கூட்டிவரச் சொல்லுங்கள். அப்புறம், அந்த நோட்டைக் கடையில் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.