ஆறு மாசப் பாப்பாவுக்கு கிரெச்: எதைப் பார்த்து முடிவு பண்றது? (மேடவாக்கம் பக்கம்)

ஓஎம்ஆர்_அம்மா:
அடுத்த மாசம் மகப்பேறு லீவு முடியுது. பாப்பாவுக்கு அப்போ ஆறு மாசம் ஆகியிருக்கும். மாமியாருக்கு முட்டி வலி, தூக்கி வச்சுக்க முடியாது. எங்க அம்மா திருநெல்வேலியை விட்டு வரமாட்டாங்க. ரெண்டு கிரெச் பார்த்தேன். ஒண்ணுல சுவர் முழுக்க கார்ட்டூன், ஏசி, மொபைல்லயே கேமரா பார்க்கலாம். இன்னொண்ணு பழைய வீட்டுக் கீழ் போர்ஷன், கோரைப்பாய், மூணு ஆயாம்மா. கேமரா இருக்கறதுலயே போடலாம்ங்கறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பல, ஏன்னு சொல்லவும் தெரியல. என்னென்ன பார்க்கணும்?

முன்னாள்_கிரெச்_டீச்சர்:
கிரெச்லயே வேலை பார்த்தவ நான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்மா.

காலைல பத்து மணிக்குப் போய்ப் பார்க்காதீங்க, அப்போ எல்லா இடமும் பளிச்சுனுதான் இருக்கும். சொல்லாம கொள்ளாம சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்க. ஆயாம்மா பாதிப் பேர் பஸ் பிடிக்கக் கிளம்பியிருப்பாங்க, குழந்தைங்க சிணுங்க ஆரம்பிச்சிருக்கும். அந்த நேரத்துல எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர்னு எண்ணுங்க. கைக்குழந்தைன்னா ஒருத்தர் மூணு பேரைப் பார்க்கலாம், முக்கி முனகி நாலு. அதுக்கு மேல போனா பால் பாட்டிலைத் துணியில முட்டுக் கொடுத்துட்டு அடுத்த குழந்தைகிட்ட ஓடிடுவாங்க.

ஓனர்கிட்ட பேசினது போதும். ஆயாம்மாகிட்ட "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"ன்னு கேளுங்க. இந்த வயசுல குழந்தை ஆளைப் பிடிச்சுக்கும், மாசத்துக்கு ஒரு முகம் மாறினா ஏங்கிப் போயிடும். சம்பளம் சரியா கொடுக்காத இடத்துல எவ்வளவு ஏசி போட்டாலும் யாரும் நிக்கமாட்டாங்க.

தூங்கற ரூமைக் கட்டாயம் பாருங்க. மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், தலையணையோ கனமான போர்வையோ கிட்ட இருக்கக் கூடாது. பதினோரு மணிக்கு மொத்தக் குழந்தைங்களும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா எனக்கு சந்தேகம்தான். தூங்க வைக்கறதுக்குன்னே சளி சிரப் ஊத்தினவங்களை நான் பார்த்திருக்கேன். நீங்க எழுதிக் கொடுக்காம ஒரு சொட்டு மருந்து கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

பாத்ரூம்ல தண்ணி பிடிச்சு வச்ச பக்கெட், சம்ப் (தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி) மூடி, ரெண்டையும் பாருங்க. தவழற குழந்தைக்குக் கால் பக்கெட் தண்ணியே ஆபத்து.

கேமராவா? டயப்பர் மாத்தினப்புறம் கை கழுவறாங்களா இல்லையாங்கறது அதுல தெரியாது.

ஷிஃப்ட்_அப்பா:
கேமராவை அப்படித் தள்ளிடாதீங்க மேடம். நைட் ஷிஃப்ட்ல இருக்கற எனக்கு அதுதான் நிம்மதி.

சிஸ்டர், தாய்ப்பால் எடுத்துக் கொடுக்கப் போறீங்கன்னா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு பாட்டில்லயும் பேர், தேதி, நேரம் எழுதியிருக்கணும். சாதாரண அறைல 4 மணி நேரம் தாங்கும்பாங்க, நம்ம ஊர் மே மாசத்துல அதை நம்பாதீங்க. குழந்தை குடிச்சு மிச்சம் வச்சதை எடுத்து வச்சு அடுத்த வேளைக்குக் கொடுக்கக் கூடாது.

அப்புறம், உங்க ஆபீஸ்ல 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கிரெச் வசதி கம்பெனியே செஞ்சு தரணும். 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துல வந்த விதி இது. ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துட்டு வரவும் விடணும். எச்ஆருக்கு மெயில்லயே கேளுங்க, வாய்ல கேட்டா "பார்க்கலாம்"னு முடிச்சுடுவாங்க.

ஓஎம்ஆர்_அம்மா:
நேத்து சாயங்காலம் போனேன். கேமரா இருக்கற இடத்துல அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ள விடமாட்டோம்னுட்டாங்க. பழைய வீட்டுல ஒரு ஆயாம்மா குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டே கேட்டைத் திறந்தாங்க, ஒம்பது வருஷமா இருக்காங்களாம். ஆனா பின்பக்கம் சம்ப் மூடி ஒரு ஓரம் உடைஞ்சு கிடக்கு. ஓனரம்மாகிட்ட சொன்னேன், மாத்திடறேன்னாங்க. எச்ஆருக்கும் மெயில் போட்டாச்சு, பதில் இல்ல.

முன்னாள்_கிரெச்_டீச்சர்:
மூடி மாத்தினதைக் கண்ணால பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. லீவு முடியறதுக்கு முன்னாடியே ஒரு வாரம், தினம் ரெண்டு மணி நேரம் விட்டுப் பழக்குங்க. முதல் நாள் நீங்களும் கூடவே உட்காருங்க, உட்கார விடறாங்களான்னும் தெரிஞ்சுடும்.