சீரியல் டிரைவர்: டிவைஸ் ஃபைலுக்கு 0660 போட்டால் மட்டும் போதுமா?

ஓசூர்_எம்பெடட்:
கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை எடைமேடைக்கு நாலு சேனல் ஆர்எஸ்-232 கார்டு, அதற்குத் தனி லினக்ஸ் டிரைவர். ஐஓசிடிஎல் (புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாக ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்த தொகுப்பு) வருகிறது: சேனல் எண், ரெக்கார்டு எண்ணிக்கை, டேட்டா பாயிண்டர். ரெக்கார்டு ஒன்று 8 பைட், பஃபர் 64 பைட். சேனல் எண் 0 முதல் 3 வரை; 3-ஐத் தாண்டினால் திருப்பி அனுப்புகிறோம். ஆனால் -1 கொடுத்தால் மெஷினே படுத்துவிடுகிறது. டிவைஸ் ஃபைலின் அனுமதி இப்போது 0666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்). அதை 0660 (உரிமையாளரும் குரூப்பும் மட்டும்) ஆக்கினால் தீருமா?

தர்மபுரி_கெர்னல்:
தீராதுங்க. 0660 என்பது யார் திறக்கலாம் என்பதற்கு மட்டும்தான். டயல்அவுட் குரூப்பில் (சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள குழு) இருக்கிற பில்லிங் புரோகிராமே தப்பான எண் அனுப்பலாமே.

சேனல் சைன்டு இன்ட்டாக (மைனஸ் மதிப்பும் ஏற்கும் முழு எண்) இருக்கிறது, அதனால் -1 உங்கள் சோதனையைத் தாண்டி அர்ரேக்கு முன்னால் இருக்கும் மெமரியைத் தொடுகிறது. அன்சைன்டு 32 பிட் ஆக்கிவிட்டு, 4-ம் அதற்கு மேலும் வந்தால் மைனஸ் ஈஇன்வல் (தவறான மதிப்பு என்ற எரர்) கொடுங்கள். அப்போது -1 என்பது 4294967295 ஆகி வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்த ஆபத்து எண்ணிக்கை. 536870912-ஐ 8-ஆல் பெருக்கினால் 32 பிட்டில் விடை 0. "64-க்குள் இருக்கிறதா" என்ற சோதனை அதைச் சரி என்று விட்டுவிடும், பிறகு லூப் 53 கோடி தடவை ஓடும். பெருக்கிப் பார்க்காதீர்கள், எண்ணிக்கை 8-க்குள்ளா என்று நேராகப் பாருங்கள்.

ஸ்ட்ரக்டை ஒரே தடவை காப்பி எடுத்து, அந்தக் காப்பியைச் சோதித்து, அதையே பயன்படுத்துங்கள். யூசர் மெமரியை மறுபடி படித்தால் இடையில் இன்னொரு த்ரெட் மதிப்பை மாற்றியிருக்கலாம். காப்பி_ஃப்ரம்_யூசர் (யூசர் மெமரியிலிருந்து கெர்னலுக்குக் காப்பி எடுக்கும் ஃபங்ஷன்) திருப்பித் தருவது எரர் எண் அல்ல, காப்பி ஆகாமல் நின்ற பைட்டுகள். அதை அப்படியே ரிட்டர்ன் செய்தால் பாசிட்டிவ் எண் போய், புரோகிராம் வெற்றி என்று நினைத்துக்கொள்ளும். மைனஸ் ஈஃபால்ட்தான் (தவறான முகவரி என்ற எரர்) போக வேண்டும்.

பாலக்கோடு_சிஸ்அட்மின்:
0666-ஐயும் விட்டுவைக்காதீர்கள். யூடெவ் ரூலில் (டிவைஸ் ஃபைலுக்கு அனுமதி, குரூப் அமைக்கும் விதி) 0660, உபுண்டு என்றால் குரூப் டயல்அவுட். ஆனால் எடை காலிபிரேஷன், ஐஆர்கியூ (கார்டின் இன்டரப்ட் எண்) மாற்றும் கட்டளைகளுக்கு கேப்_சிஸ்_அட்மின் (நிர்வாகி உரிமை) இருக்கிறதா என்று டிரைவரே கேட்க வேண்டும். கெர்னலின் சீரியல் கோர் அப்படித்தான்: சாதா யூசர் போர்ட் முகவரியை மாற்றப் பார்த்தால் மைனஸ் ஈபெர்ம் (அனுமதி இல்லை என்ற எரர்). எடையை எடுக்கிற ஆளும் காலிபிரேஷனை மாற்றுகிற ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது.

ஓசூர்_எம்பெடட்:
நன்றி அண்ணா. ஸ்டேட்டஸ் கேட்டால் கடைசியில் மூன்று பைட் குப்பை வருகிறது, அதுவும் இதனாலா?

தர்மபுரி_கெர்னல்:
அது வேறு, ஆனால் இதைவிட மோசம். 32 பிட் எண்களுக்குப் பிறகு ஒரே ஒரு பைட் ஃபீல்டு வைத்திருப்பீர்கள். ஸ்ட்ரக்டின் கடைசியில் 3 பைட் பேடிங் (அளவைச் சரிக்கட்ட கம்பைலர் சேர்க்கும் வெற்று இடம்) விழும். அதில் இருப்பது கெர்னல் ஸ்டாக்கின் பழைய டேட்டா, அதை யூசருக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள். ஃபீல்டுகளை நிரப்பும் முன் மெம்செட் போட்டு முழுதும் 0 ஆக்குங்கள்.

தராசிலிருந்து வருவதையும் நம்பாதீர்கள். கேபிள் இரைச்சலில் ஈடிஎக்ஸ் (செய்தி முடிவைக் காட்டும்) பைட் ஒன்று தொலைந்தாலும் டிரைவர் அதற்காகக் காத்துக்கொண்டே பஃபரைத் தாண்டி எழுதும். 64 ஆனதும் ஃப்ரேமைத் தூக்கிப் போட்டு, அடுத்த எஸ்டிஎக்ஸ்-க்குக் (செய்தி தொடக்கத்தைக் காட்டும் பைட்) காத்திருக்கட்டும்.

கேசான் (மெமரி தவறுகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவி) போட்ட கெர்னலில் சேனல் -1, 4, எண்ணிக்கை 9, 536870912, நல் பாயிண்டர் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு ஆலைக்கு அனுப்புங்கள்.