டபிள்யூசிஎஃப் சர்வீஸுக்கு வரும் ஆப்ஜெக்டில் ஒரு ஃபீல்டு மட்டும் ‘நல்’

பிழைதேடி:
எங்கள் டபிள்யூசிஎஃப் (டாட்நெட்டில் வெப் சர்வீஸ் எழுதும் முறை) சர்வீஸில் இன்வாய்ஸ் என்று ஒரு கிளாஸ், அதற்குள் கஸ்டமர், அதற்குள் நேம், சிட்டி, போன் என்று மூன்று ஸ்ட்ரிங். டாட்நெட் கிளையன்டிலிருந்து கூப்பிட்டால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. பிஹெச்பி பக்கம் சோப் (வெப் சர்வீஸ் செய்தி வடிவம்) எக்ஸ்எம்எல்லைக் கையாலேயே கட்டி அனுப்புகிறார்கள், அங்கிருந்து வந்தால் நேமும் போனும் இருக்கின்றன, சிட்டி மட்டும் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை. எரரும் கிடையாது, வெற்றி என்ற 200 பதில்தான் போகிறது. அவர்கள் அனுப்பிய எக்ஸ்எம்எல்லை வாங்கிப் பார்த்தேன், நேமுக்கு அடுத்த வரியிலேயே சிட்டி இருக்கிறது. ஸ்பெல்லிங், கேப்பிட்டல் லெட்டர், டேட்டாமெம்பர் (ஃபீல்டை எக்ஸ்எம்எல்லில் சேர்க்கச் சொல்லும் குறி) எல்லாம் சரி. வேறு எங்கே பார்ப்பது?

கறுப்புத்திரை:
நேம்ஸ்பேஸாக (எலிமென்ட் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் முகவரி) இருக்கும். மெத்தட் பெயர் டெம்ப்யூரி என்ற டிஃபால்ட் நேம்ஸ்பேஸில் இருந்தாலும் கஸ்டமருக்குள் இருப்பவை டேட்டாகான்ட்ராக்டின் (கிளாஸின் எக்ஸ்எம்எல் வடிவத்தைச் சொல்லும் வரையறை) நேம்ஸ்பேஸில் வர வேண்டும், கையால் எழுதுபவர்கள் இதைத்தான் விடுவார்கள்.

ஆறாம்விரல்:
நேம்ஸ்பேஸ் தப்பென்றால் மூன்றுமே ‘நல்’ ஆகியிருக்கும். இரண்டு வந்து ஒன்று மட்டும் காணவில்லை என்றால் வரிசையைத்தான் சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்எம்எல்லை ஆப்ஜெக்டாக மாற்றும் டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசர் ஆங்கில அகரவரிசைப்படி சிட்டி, நேம், போன் என்று எதிர்பார்க்கிறது. உங்களுக்கு நேம் முதலில் வருகிறது, அதை வாங்கிக்கொண்டு சிட்டியைத் தாண்டிப் போய்விடுகிறது, அப்புறம் சிட்டி வந்தால் யாரோ தெரியாத எலிமென்ட் என்று சத்தமில்லாமல் தள்ளிவிடும். போன் அதற்குப் பிறகு என்பதால் தப்பித்தது. இன்ஹெரிட்டன்ஸ் இருந்தால் பேஸ் கிளாஸ் ஃபீல்டுகள் முதலில் வரும். டேட்டாமெம்பரில் ஆர்டர் எண் கொடுத்தவை, கொடுக்காதவற்றுக்குப் பின்னால் போகும்.

பிழைதேடி:
வரிசையை மாற்றி அனுப்பச் சொன்னேன், சிட்டி வந்துவிட்டது! சரி, நான் சர்வீஸ் பக்கம் ஆர்டர் எண் போட்டு நேமை முதலில் கொண்டுவந்துவிடலாமா? அவர்கள் கோடைத் தொட யோசிக்கிறார்கள்.

ஆறாம்விரல்:
வேண்டாம். ஏற்கெனவே ஓடும் டாட்நெட் கிளையன்ட் பழைய வரிசையில்தான் அனுப்பும், இன்றைக்கு இவர்களுக்கு நடந்தது நாளை அவர்களுக்கு நடக்கும். பிஹெச்பியின் சோப்கிளையன்டுக்கு டபிள்யூஎஸ்டிஎல்லை (சர்வீஸின் மெத்தட்களையும் எக்ஸ்எம்எல் வடிவத்தையும் விவரிக்கும் ஃபைல்) கொடுத்தால் அதுவே ஸ்கீமா வரிசையில் எழுதிவிடும், கையால் எக்ஸ்எம்எல் கட்டுவது எதற்கென்றே எனக்குப் புரியவில்லை. கட்டாயமான ஃபீல்டுகளுக்கு டேட்டாமெம்பரில் இஸ்ரிக்வயர்ட் ட்ரூ வைத்தால் இப்படி அமைதியாக விழுங்காமல் எக்ஸெப்ஷன் வரும், ஆனால் அந்த ஃபீல்டை அனுப்பாத பழைய கிளையன்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நள்ளிரவுபில்டு:
இதைத் தேடி வருபவர்களுக்கு ஒன்று. ஸ்ட்ரிங் எல்லாம் வந்து இன்ட், டேட்டைம் மட்டும் 0 அல்லது 01-01-0001 என்று வந்தால் அது வேறு கதை. பழைய வெப் ரெஃபரன்ஸ் முறையில் ப்ராக்ஸி (சர்வீஸைக் கூப்பிடத் தானாக உருவாகும் கிளையன்ட் கோடு) எடுத்திருந்தால், உதாரணமாகக் குவான்டிட்டி என்ற ஃபீல்டு பக்கத்தில் குவான்டிட்டிஸ்பெசிஃபைட் என்று ஒரு பூலியன் இருக்கும், அதை ட்ரூ ஆக்காவிட்டால் நீங்கள் 25 என்று வைத்தாலும் அந்த எலிமென்டே எக்ஸ்எம்எல்லில் போகாது.

பிழைதேடி:
டபிள்யூஎஸ்டிஎல் லிங்கை அனுப்பியாயிற்று. இஸ்ரிக்வயர்டை டெஸ்ட் சர்வரில் மட்டும் போட்டு யார் யார் அலறுகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.