வெள்ள நிவாரணம்: ரேஷன் அட்டை இருந்தால்தான் கொடுக்கணுமா?

கெடிலக்கரை:
அடுத்த மழைக்காக எங்கள் ஊர் இளைஞர்கள் இப்போதே பணம் சேர்க்கிறார்கள். ரேஷன் அட்டை பார்த்து டோக்கன் கொடுப்பதாக முடிவு. எனக்கு உடன்பாடில்லை. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது, ஏரிக்கரை இருளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அட்டையே இல்லை. அரிசி மூட்டை அவர்களைத் தாண்டிப் போனதைப் பார்த்தவன் நான்.

பாகூர்வாசி:
அண்ணே, அட்டை இல்லாமல் எப்படிக் கணக்கு வைப்பது? ஃபெஞ்சல் புயலுக்கு அரசே அட்டைக்கு இவ்வளவு என்றுதான் கொடுத்தது. புதுச்சேரியில் 5,000 ரூபாய், உங்கள் பக்கம் 2,000. கணக்கில்லாமல் கொடுத்தால் முண்டியடிப்பவர்களுக்கே எல்லாம் போகும், வயசானவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். லாரி மேல் நின்று கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கெடிலக்கரை:
டோக்கன் இருக்கட்டும் தம்பி, அட்டைதான் வேண்டாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 61 படியுங்கள். நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது.

பாகூர்வாசி:
அந்தப் பட்டியலில் அட்டை இல்லையே! நாங்கள் யாரிடமும் சாதி கேட்பதில்லை. லாரி காலனிக்குள் நுழையாது, அதனால் மெயின் ரோட்டில் நிறுத்துகிறோம். அவ்வளவுதான்.

பண்ருட்டி மகள்:
அந்த மெயின் ரோடு யாருடைய தெரு அண்ணா? 2011 தானே புயலின்போது நான் பத்தாவது படித்தேன். அம்மாவோடு வரிசையில் நின்றேன். "காலனிக்குத் தனியா வரும், போங்க" என்றார்கள். இருட்டும்வரை காத்திருந்தோம், எதுவும் வரவில்லை. எங்களிடமும் யாரும் சாதி கேட்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தோம் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

கெடிலக்கரை:
அட்டையும் அப்படித்தான். பட்டா இல்லை, விலாசம் இல்லை, செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். அட்டை கேட்டாலே யார் விடுபடுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதானே? முந்தின நாளே வீடு வீடாகத் தலை எண்ணுவோம். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் பொருளே போகட்டும்.

பாகூர்வாசி:
தங்கச்சி சொன்னது மனதைப் பிசைகிறது. காலனிக்குக் குட்டியானை வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். ஆனால் அட்டை விஷயத்தில் இன்னும் மாறவில்லை. ஒரே வீடு மூன்று தடவை வாங்கினால் கடைசி வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

பண்ருட்டி மகள்:
ஓட்டுப் போடும்போது வைப்பது போல விரலில் மை வைக்கலாமே.

பாகூர்வாசி:
அது சரிப்படும். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தலை எண்ண நானும் வருகிறேன். அதற்குள், எண்ணிய பிறகு சூளையிலிருந்து திரும்பும் குடும்பத்தை எப்படிச் சேர்ப்பது என்று யோசித்து வையுங்கள் அண்ணே.