பட்டாயா கொண்டோவை வாங்கியவர்கள், விற்றவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யீஷூன்காரன்:

போன வாரம் இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். தாய்லாந்தின் பட்டாயாவில் கடல் தெரிகிற கொண்டோவுக்கு, அதாவது அடுக்குமாடி வீட்டுக்கு, முன்பணம் கட்டப் போகிறாராம். "இங்க ரெண்டாவது வீடு வாங்குனா 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி. அந்த வரிக் காசுக்கே அங்க ஒரு வீடு வந்துடுது" என்றார். எனக்குப் பகீரென்றது. 2014-ல் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். அப்போது அந்த வரி 7 விழுக்காடுதான், அதுவே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

ஆர்ச்சர்ட் சாலை ஹோட்டல் ஒன்றில் நடந்த சொத்துக் கண்காட்சியில் வாங்கினேன். பட்டாயாவின் ஜோம்தியன் கடற்கரை, 38 சதுர மீட்டர், தாய்லாந்துப் பணத்தில் 24 லட்சம் பாட். அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 94,000 சிங்கப்பூர் வெள்ளி. மூன்று ஆண்டுக்கு 7 விழுக்காடு வாடகை உத்தரவாதம் என்றார்கள். அந்த உத்தரவாதப் பணத்தை விலையிலேயே ஏற்றி வைத்திருந்தது, பிறகு அதே கட்டடத்தில் மற்றவர்கள் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது.

முதல் அடி வீடு கட்டி முடிந்ததும் விழுந்தது. தாய்லாந்தில் ஒரு கொண்டோ கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்தப் பங்கில் நம் பெயரைப் பதிய, வீட்டு விலை முழுவதும் வெளிநாட்டுப் பணமாகவே அந்த நாட்டுக்குள் நுழைந்தது என்று வங்கிச் சான்று காட்ட வேண்டும். சிங்கப்பூர் வெள்ளியாகவே அனுப்பி, அங்குள்ள வங்கியில்தான் பாட்டாக மாற்ற வேண்டும். அனுப்பும் காரணத்தில் கட்டடத்தின் பெயரும் வீட்டு எண்ணும் இருக்க வேண்டும். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. மாதத் தவணை 40,000 பாட். அதில் ஆறு தவணையை, மாற்று விலை கொஞ்சம் நன்றாகக் கிடைக்கிறதே என்று, நாணய மாற்றுக் கடை வழியாகப் பாட்டாகவே கட்டிவிட்டேன்.

2016-ல் பதிவுக்குப் போனபோது அந்த 2,40,000 பாட்டுக்குச் சான்றே இல்லை. பணம் நிறுவனத்திடம் இருக்கிறது, ரசீதும் இருக்கிறது, ஆனால் நிலப் பதிவு அலுவலகத்தில் அது செல்லாது. கடைசியில் அதே தொகையை இங்கிருந்து மறுபடி வெள்ளியாக அனுப்பினேன். முன்பு கட்டியதை அவர்கள் திருப்பித் தர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் என் மனைவியிடம் சரியாகப் பேச முடியவில்லை.

இடம் அருமையானது, அதை மறைக்க மாட்டேன். சுவர்ணபூமி விமான நிலையத்தில் பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஜோம்தியன். மேற்குப் பார்த்த கரை என்பதால் மாலையில் சூரியன் நேரே கடலில் இறங்கும். என் பிள்ளைகள் நீச்சல் பழகியது அங்கேதான். நான்காம் ஆண்டு முன்னால் இன்னொரு கட்டடம் எழும்பியது. பிறகு மாடி முகப்பிலிருந்து பார்த்தால் அடுத்தவர் துணி காய்வதுதான் தெரிந்தது.

உத்தரவாதம் முடிந்த பிறகு நவம்பர் முதல் மார்ச் வரைதான் ஆள் வந்தார்கள். நாள் வாடகைக்கு விடலாம் என்றால், 30 நாளுக்குக் குறைவாக விடுவதற்கு அங்கே ஹோட்டல் உரிமம் வேண்டும். கட்டட அலுவலகமே மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சதுர மீட்டருக்கு மாதம் 45 பாட் பராமரிப்புக் கட்டணம், ஆண்டுக்கு 20,520 பாட்.

விற்க முயன்றபோதுதான் உண்மையான பாடு. ஜோம்தியனில் ஒரு காலத்தில் ரஷ்யர்கள் நிறைய வாங்கினார்கள். 2014 கடைசியில் ரூபிள் சரிந்ததும் அவர்கள் ஒதுங்கினார்கள். பிறகு கொவிட் வந்து எல்லை மூடியது. வெளிநாட்டவருக்குத் தாய்லாந்து வங்கிகள் வீட்டுக்கடன் தருவது அரிது, ஆக என் வீட்டை வாங்குபவர் முழுப் பணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அதே தெருவில் புதுக் கட்டடக்காரர் கொஞ்சம் முன்பணம், மீதி தவணை என்று விற்கும்போது என் பழைய வீட்டுக்கு யார் வருவார்? நான்கு முகவர்களிடம் கொடுத்து, ஐந்து ஆண்டு காத்திருந்தேன்.

2023-ல் 18.5 லட்சம் பாட்டுக்குப் போனது. முகவருக்கு 5 விழுக்காடு, அதாவது 92,500. பதிவுக் கட்டணத்தில் என் பாதி 14,000. ஐந்து ஆண்டுக்குள் விற்றிருந்தால் 3.3 விழுக்காடு தொழில் வரி வந்திருக்கும், அது கடந்துவிட்டதால் அரை விழுக்காடு முத்திரை வரியோடு தப்பினேன். அதற்கு மேல் பிடித்தம் செய்யும் வருமான வரி 35,000. நட்டத்தில்தானே விற்கிறேன், எதற்கு வருமான வரி என்று கேட்டேன். அங்கே அது அரசு மதிப்பையும் வைத்திருந்த ஆண்டுகளையும் பார்த்துப் போடுவது, நம் லாப நட்டத்தைப் பார்ப்பதில்லை. கைக்கு 17 லட்சம் பாட் வந்தது, சுமார் 66,600 வெள்ளி.

பணத்தை இங்கே கொண்டுவர, வாங்கியபோது வாங்கிய அதே வங்கிச் சான்றைக் கேட்டார்கள். பத்திரமாக வைத்திருந்தேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்திருந்தேன்.

ஜூரோங் அக்கா:

தம்பி, நீங்க எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துப் போச்சு. நாங்கள் மயிரிழையில் தப்பினோம். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. குறைந்தபட்ச வசிப்புக் காலம் ஐந்து ஆண்டு முடியும் முன்னால் தனியார் வீடு எதையும் வாங்கக் கூடாது, வெளிநாட்டு வீடும் அதில் அடக்கம். விற்க வந்த பிள்ளை அதைக் கேட்கவே இல்லை. முன்பதிவுத் தாளில் கையெழுத்துப் போடும் முன் என் கணவர்தான் கழகத்துக்கு ஃபோன் செய்து கேட்டார். மசேநிதியையும் (மத்திய சேம நிதி) வெளிநாட்டு வீட்டுக்குத் தொட முடியாது, முழுக்கக் கைக்காசு. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கும்.

புக்கிட் பாத்தோக் தம்பி:

அண்ணே, என் அனுபவம் வேறு மாதிரி, அதையும் சொல்ல வேண்டும். 2022-ல் பட்டாயாவின் பிரதும்னாக் குன்றுப் பக்கம், இருபது வயதுக் கட்டடத்தில், ஊர் திரும்பும் ஒரு ஐரோப்பியப் பெரியவரிடம் வாங்கினேன். புது வீட்டின் பாதி விலை, இரண்டு மடங்கு அகலம்.

முதலில் பார்த்த வீடு இன்னும் மலிவு. வெளிநாட்டவர் பங்கு நிறைந்துவிட்டது, ஒரு உள்ளூர் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, நிறுவனத்தையே உங்கள் பேருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். வழக்கறிஞரிடம் கேட்டேன். பெயருக்கு உள்ளூர் பங்குதாரர்களை நிறுத்தி வைப்பது அங்கே குற்றம் என்று அவர் சொன்னதும் எழுந்து வந்துவிட்டேன்.

வாங்கிய கட்டடத்தில் மூன்று நாள் தங்கிப் பார்த்த பிறகுதான் பேசினேன். மின்தூக்கி ஓடுகிறதா, நீச்சல் குளத்துத் தண்ணீர் எப்படி, பொது நிதியில் பணம் இருக்கிறதா என்று பார்த்தேன். பராமரிப்பு பாக்கி இல்லை என்ற கடிதமும், வெளிநாட்டவர் பங்கில் இடம் இருக்கிறது என்ற கடிதமும் கட்டட அலுவலகத்திலிருந்து வந்த பிறகே பணத்தை அனுப்பினேன். பாக்கி இல்லாக் கடிதம் இல்லாமல் பதிவே நடக்காது. விற்கும் எண்ணம் இல்லை. ஆண்டுக்கு இருமுறை போகிறோம், அம்மாவுக்கு அந்தக் காற்று ஒத்துக்கொள்கிறது.

தெம்பனீஸ் மகள்:

என் அப்பா அங்கே ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். அவர் தவறிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். உயில் இங்கே எழுதியது, அதில் அந்த வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தாய்லாந்து நீதிமன்றத்தில் சொத்து நிர்வாகி நியமன உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் முதல் அம்மாவின் திருமணச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, முத்திரை வாங்கி அனுப்பினோம். வாரிசாக வருகிற வெளிநாட்டவருக்குத் தனக்கென அங்கே வீடு வைத்திருக்கும் தகுதி இல்லையென்றால், ஓராண்டுக்குள் விற்றாக வேண்டும் என்றும் சொன்னார்கள். அவசரத்தில் முதலில் கேட்டவருக்கே கொடுத்தோம். அப்பாவின் தொப்பியும் தூண்டிலும் மட்டும் வீட்டுக்கு வந்தன. வாங்கியிருப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் சொல்லி வையுங்கள், அங்கேயும் ஓர் உயில் எழுதி வையுங்கள்.

யீஷூன்காரன்:

தெம்பனீஸ் மகளே, உன் எழுத்தைப் படித்ததும் என் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த ஏழு ஆண்டில் நானும் அங்கே உயில் எழுதவில்லை. நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது.

தம்பி சொன்னதும் சரிதான். குடியிருக்க வாங்குவது வேறு, விற்கும் கணக்கில் வாங்குவது வேறு. தேக்கா நண்பரிடம் நேற்று இதையெல்லாம் படித்துக் காட்டினேன். முன்பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் இருவரும் போகிறோம். புதுக் கட்டட விற்பனைக் கூடத்துக்கு இல்லை. அதே நிறுவனம் பத்து ஆண்டுக்கு முன் கட்டிய கட்டடத்துக்குப் போய், கீழே அலுவலகப் பலகையில் விற்பனைக்கு எத்தனை வீடு ஒட்டியிருக்கிறது, என்ன விலை, எத்தனை நாளாக அந்தத் தாள் அங்கே மஞ்சளாகிக் கிடக்கிறது என்று பார்க்கப் போகிறோம்.