-3² என்றால் 9-ஆ, -9-ஆ?

கேள்வி: -3²-க்கு விடைப் பகுதியில் -9 போட்டிருக்கு. எக்செலில் =-3^2 அடித்தால் 9 வருது. எது சரி? 2³ + 2⁴ = 2⁷ ஏன் தப்புன்னும் சொல்லுங்க.

பதில் 1: -9 தான். அடுக்கு (மேலே இருக்கும் சின்ன எண்) தன்னை ஒட்டியிருக்கும் அடிமானத்தை (கீழே இருக்கும் எண்ணை) மட்டுமே பிடிக்கும். இங்கே அது 3. முதலில் 3×3 = 9, அப்புறம்தான் கழித்தல் குறி. குறியும் சேரணும்னா (-3)² என்று அடைப்புக்குறி போடணும். எக்செலின் வழக்கம் தலைகீழ்: எதிர்க்குறியை முதலில் எடுத்துக்கும். =-(3^2) என்று எழுதுங்க. பைத்தான் நிரல்மொழியில் -3**2 (அங்கே ** தான் அடுக்குக் குறி) சரியா -9 தரும்.

பதில் 2: அடுக்கைக் கூட்டுவது பெருக்கலுக்குத்தான். 2³×2⁴-ஐ விரித்து எழுதுங்க: மூணு 2, பக்கத்துல நாலு 2, ஆக ஏழு 2, 128. நீங்க போட்டது கூட்டல், 8+16 = 24. அடிமானமும் ஒன்றாக இருக்கணும். 2³×5³-இல் ஒன்றாக இருப்பது அடுக்கு, அதனால் 10³.

கேட்டவர்: அப்போ 2⁰ ஏன் 1?

பதில் 2: 2³, 2², 2¹ என்பது 8, 4, 2. அடுக்கு ஒன்று குறைய விடை பாதியாகுது. அடுத்தது 1, அதற்கடுத்து 2⁻¹ = 1/2. அடுக்கு எதிர் எண்ணானா விடையும் எதிர் எண்ணாகும்னு நினைச்சு -2 எழுதுறவங்கதான் அதிகம்.