கலைச்சொல்: ‘எனர்ஜி கம்யூனிட்டி’க்குத் தமிழில் என்ன?

கோத்தகிரியிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஊர் மண்டபக் கூரையில் சூரியத் தகடுகள் பொருத்தி, விளையும் மின்சாரத்தைத் தெருவிலுள்ள வீடுகளின் கணக்கில் பங்கிட்டு வரவு வைக்கும் ஏற்பாட்டுக்கு ஐரோப்பாவில் ‘எனர்ஜி கம்யூனிட்டி’ என்று பெயர். ‘ஆற்றல் சமூகம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நீலகிரியில் எடுபடாது. படுகர் சமூகம், தோடர் சமூகம் என்று நாள்தோறும் பேசும் ஊர் இது. ‘ஆற்றல் சமூகத்தில் சேருங்கள்’ என்று துண்டறிக்கை ஒட்டினால், எந்தச் சமூகத்துக்கு என்றுதான் முதலில் கேட்பார்கள்.

‘மின்பகிர்வு’ நல்ல சொல்தான். ஆனால் பகிர்மானம் என்றாலே கம்பமும் கம்பியும் வைத்திருக்கும் மின்வாரியம் என்றாகிவிட்டது. ‘மின் கூட்டுறவு’ என்றால் 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் பதிவாளரும் கூடவே வந்து நிற்பார்கள். ஐரோப்பியச் சட்டமோ இன்ன வடிவில்தான் பதிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர் சேரலாம், விலகலாம். இலாபம் முதல் நோக்கமாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

என் முன்மொழிவு: மின்கூட்டு. பூசணிக்காய்க் கூட்டு நினைவுக்கு வந்தால் வரட்டும்.

குன்னூரிலிருந்து:

ஐயா, ‘சமூகம்’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ‘மின்கூட்டு’ என்றதும் இங்கே தேயிலை விவசாயிக்குக் கூட்டுப்பட்டாதான் நினைவுக்கு வரும். அதில் பாகம் பிரிக்காத நிலத்தில் எல்லாருக்கும் பங்கு. மின்கூட்டில் அப்படியில்லை: ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு எண், தனி மீட்டர், தனிப் பட்டியல். கூட்டாக இருப்பது உற்பத்தி நிலையமும் கணக்கும் மட்டுமே. விளக்கத்தில் இந்த வரி இல்லாமல் சொல்லை வெளியிட வேண்டாம்.

இன்னொன்று. ஐரோப்பாவில் இருவகை உண்டு. 2018ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறியாணையில் (நெறியாணை: உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஐரோப்பிய ஒன்றிய ஆணை) வருவதில், கூட்டைக் கட்டுப்படுத்தும் உறுப்பினர்கள் உற்பத்தி நிலையத்துக்கு அருகில் இருக்க வேண்டும்; வெப்பமும் அதில் அடங்கும். 2019ஆம் ஆண்டின் மின்சந்தை நெறியாணையில் வருவது மின்சாரத்துக்கு மட்டும். அருகில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே முதலாவதற்கு ‘வட்டார ஆற்றல் கூட்டு’, இரண்டாவதற்கு ‘குடிமக்கள் மின்கூட்டு’ என்று பிரித்தாக வேண்டும்.

தலைச்சொல்லை விடவும் எனக்குக் கவலை ‘ஷேர்டு எனர்ஜி’ பற்றித்தான். ‘பகிர்ந்த மின்சாரம்’ என்று எழுதினால், மண்டபத்திலிருந்து வீட்டுக்குத் தனிக் கம்பி போகிறது என்றே படிப்பவர் நினைப்பார். கம்பி எதுவும் புதிதாகப் போகாது; கணக்குதான் போகிறது. இத்தாலியில் ஒரே முதன்மைத் துணைமின்நிலையத்தின் கீழுள்ள உறுப்பினர்களுக்கு, மணிக்கு மணி கணக்கிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கூட்டின் நிலையங்கள் பொது மின்வலைக்குள் அனுப்பியது எவ்வளவு, உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்தது எவ்வளவு என்று பார்த்து, இரண்டில் எது குறைவோ அதுவே ‘ஷேர்டு’. ஊக்கத்தொகை அதற்கு மட்டும்தான். எனவே ‘உடன்நுகர்வு’ என்பேன்: விளையும்போதே, உடனுக்குடன், உடன் இருப்பவர் நுகர்வது.

நம் வீட்டு நெட் மீட்டர் இதற்கு நேர்மாறு. நண்பகலில் அனுப்பிய யூனிட்டை இரவில் எடுத்ததோடு கழித்து, இரு மாதப் பட்டியலில் மிச்சத்துக்குப் பணம் கட்டுகிறோம். உடன்நுகர்வுக் கணக்கில் நண்பகல் யூனிட் இரவுக்கு உதவாது. இரவு முழுக்க இலை வாட்டும் விசிறிகளை ஓட்டும் தேயிலைத் தொழிற்சாலையைக் கூட்டில் சேர்த்தாலும், அந்த நேரத்தில் சூரியத் தகட்டிலிருந்து அதற்குக் கிடைப்பது சுழியம்.

பங்கு பிரிப்பதிலும் வம்பு இருக்கிறது. நம் நாட்டு வழக்கப்படி 15 நிமிடக் கூறாக எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 96 கூறுகள். நிலையம் 20 கிலோவாட் தந்தால் ஒரு கூறுக்கு 5 யூனிட். 20 வீட்டுக்கும் சமமாக 5 விழுக்காடு என்றால் ஆளுக்கு 0.25 யூனிட். பூட்டிய வீட்டில் பிரிட்ஜ் மட்டும் ஓடி 0.05 எடுக்கிறது, மீதி 0.20 உபரியாக வாரியத்துக்குப் போகிறது. பக்கத்து வீட்டில் 2 கிலோவாட் கீசர் 0.5 இழுக்கிறது, அதற்கு வரவு 0.25தான், மற்றதை முழு விலைக்கு வாங்குகிறது. நிலையான பங்கின் குறை இதுதான். ஸ்பெயின் 2019இல் நிலையான பங்கோடு தொடங்கி, 2021இல் மணிக்கு மணி மாறும் பங்கை அனுமதித்தது. அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே ‘நிலைப்பங்கு’, ‘நேரப்பங்கு’, அந்தந்தக் கூறில் எடுத்த அளவை வைத்துப் பிறகு பிரிப்பதற்கு ‘நுகர்வுப்பங்கு’ என மூன்று சொல்லும் வேண்டும்.

மீட்டர் கடிகாரம் பிசகினால் இவ்வளவும் வீண். மண்டப மீட்டர் பத்து நிமிடம் முந்தி ஓடினால் கூறுகள் ஒன்றோடொன்று பொருந்தா. பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாமல் தரவு வராத கூறைச் சுழியம் என்று போட்டுவிடக் கூடாது. மீட்டர் நினைவகத்திலிருந்து எடுத்து நிரப்பிய பிறகே பட்டியல் போட வேண்டும்.

கூடலூரிலிருந்து:

‘சூரிய’ என்ற அடைமொழியைத் தலைச்சொல்லில் நுழைக்காதவரை எனக்கு மறுப்பில்லை. எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தகடு படுத்துவிடும், ஓடை பெருகும். நொடிக்கு 20 லிட்டர், 30 மீட்டர் வீழுயரம், 60 விழுக்காடு திறன் என்றால் ஏறத்தாழ 3.5 கிலோவாட் இரவு பகலாகக் கிடைக்கும். உடன்நுகர்வுக் கணக்குக்கு இது தகட்டைவிடத் தோது.

விளக்கத்தில் இதையும் சேருங்கள்: மின்கூட்டு வேறு, மைக்ரோகிரிட் (வாரிய மின்சாரம் நின்றாலும் தனித்து ஓடக்கூடிய சிறு மின்வலை) வேறு. மரம் விழுந்து லைன் போனால், வலையோடு இணைந்த இன்வெர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை வலைக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் ஆளைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். உறுப்பினர் வீட்டிலும் இருட்டுதான். மைக்ரோகிரிட்டுக்குக் ‘குறுவலை’ என்று தனியே வைக்கலாம். வீடுகளுக்கு வரும் நீண்ட எல்.டி. (தாழ்வழுத்த) லைனின் கடைசியில் நிலையம் வைத்தாலும் தொல்லை: நண்பகலில் எடுப்பார் இல்லாமல் 230 வோல்ட் 253ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும். முடிந்தவரை டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துக் கூரையைத் தேட வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து:

உடன்நுகர்வு, மூன்று பங்குச்சொற்கள், குறுவலை எல்லாம் ஏற்பு. மின்கூட்டின் விளக்கம் இப்படி: ‘தனித்தனி மின் இணைப்புடையோர் பொது உற்பத்தி நிலையத்தின் மின்சாரத்தை, வாரியத்தின் கம்பிவழியே, ஒப்புக்கொண்ட பங்கின்படி கணக்கிட்டுக்கொள்ளும் அமைப்பு.’

மிச்சம் ‘விர்ச்சுவல் நெட் மீட்டரிங்’. ‘மெய்நிகர் நிகர அளவீடு’ வாயில் நுழையவில்லை. இரண்டு ‘நிகர்’ இடித்துக்கொள்கின்றன. டெல்லியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் இது ஒரு நிலையத்தின் வரவைப் பலருக்குப் பங்கிடுவது. ‘குரூப் நெட் மீட்டரிங்’ ஒருவரின் உபரியை அவருடைய மற்ற இணைப்புகளில் கழிப்பது. முதலாவதற்குப் ‘பங்குவழி நிகர அளவீடு’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதற்குச் சுருக்கமாக ஒன்று சொல்லுங்கள்.